டபுள் கப்புக்கு புல் பார், ராக், பெரிய ரயர்: டீசல் காசு யார் தருவது?

சுன்னாகம் பெடியன்:
போன வருடம் பழைய ஹைலக்ஸ் டபுள் கப் (இரண்டு வரிசை சீற் உள்ள பிக்கப்) ஒன்று வாங்கினேன், டீசல். வந்த புதிதில் லீற்றருக்கு 11 கிலோமீற்றர் ஓடியது. பிறகு ஆசை பிடித்து முன்னுக்கு புல் பார் (இடி தாங்கும் இரும்புச் சட்டம்), மேலே சாமான் கட்டுகிற ராக், 265/65 அளவு ரயரைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிய 285/70 (17 இஞ்சி றிம்தான்). இப்ப மீற்றர்படி 9. மாதம் 1500 கிலோமீற்றர் ஓடுகிறேன், லீற்றர் 300 ரூபா என்று வைத்தாலும் மாதம் 9000 ரூபா கூடுதலாகப் புகையாகப் போகிறது. பூட்டிய செலவு தனி, அதை வீட்டில் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. உதெல்லாம் தேவைதானா?

பளை ரோட்டு:
புல் பார் தேவை. இரவு பத்துக்குப் பிறகு கொடிகாமம் தாண்டி ஆனையிறவு மட்டும் ஒருக்கா ஓடிப் பாருங்கோ, கட்டாக்காலி மாடுகள் ஏ9 நடுவில் படுத்திருக்கும். போன மாரியில் ஒரு நாம்பன் குறுக்கே பாய்ந்து எனக்கு பார் வளைந்தது, ரேடியேட்டர் தப்பியது. அது உடைந்திருந்தால் உங்கட 9000 எத்தனை மாதத்துக்குக் காணும்?

வெங்காய லோட்:
தம்பி, மாட்டுக்கு மெதுவாகப் போனால் டீசலும் மிச்சம், மாடும் மிச்சம். அதோடு ஆள் குறுக்கே வந்தால் அந்த இரும்பு என்ன செய்யும் என்றும் யோசியுங்கோ. மருதனார்மடம் சந்தைக்கு மூட்டை ஏற்றுகிறவன் எவன் ராக் பூட்டியிருக்கிறான்? 2022 ஜூனில் டீசல் 460க்கு ஏறினது, நாங்கள் ஷெட்டில் வரிசையில் கிடந்தது எல்லாம் அதற்குள் மறந்துபோச்சா?

கணக்கு வாத்தி:
சண்டை பிறகு, முதலில் மீற்றரைப் பாருங்கள். 265/65இன் விட்டம் ஏறத்தாழ 776 மில்லிமீற்றர், 285/70 என்றால் 831. ஏழு வீதம் பெரிசு. ரயர் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் போகிறது, மீற்றருக்கு அது தெரியாது. அது 100 காட்டும்போது உண்மையில் 107 ஓடியிருப்பீர்கள். ஆகவே உங்கள் 9 உண்மையில் 9.6, இழப்பு 2 இல்லை, 1.4 அளவில்தான். வேகமும் காட்டுவதை விடக் கூட, கமராவுக்குக் கவனம்! மிச்ச இழப்பு ரயரின் பாரமும் ராக்கும். வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்கு, வெறும் ராக்கைச் சுமந்து கிளிநொச்சி போய்வருவது சும்மா காற்றை இழுக்கிற வேலை.

பளை ரோட்டு:
ராக்குக்கு நானும் வாதாட வரவில்லை. பாருக்கு மட்டும்தான்.

சுன்னாகம் பெடியன்:
சரி, ராக்கை நாளைக்கே கழற்றுகிறேன். பார் இருக்கட்டும்.

வெங்காய லோட்:
ரயர்? பழைய 265 நாலும் எங்கே?

சுன்னாகம் பெடியன்:
அப்பவே கராஜில் அரை விலைக்குக் கொடுத்துவிட்டேன் அண்ணை.