ஒரு நாளைக்கு ஒரு மாத்திரைதான், கூட என்னென்ன முழுங்கறோம்? உங்க அனுபவத்தை எழுதுங்க

காசிமேடு அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் ஹெச்.ஐ.விக்குக் கொடுக்கற கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி) வாங்க சென்டருக்குப் போயிருந்தேன். பெஞ்சில பக்கத்துல ஒரு அம்மா, வியாசர்பாடிப் பக்கம். அம்பது வயசு இருக்கும். கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு. வைரல் லோடு, அதான் ரத்தத்துல இருக்கற கிருமியோட அளவு, ஏறியிருக்குன்னு சொல்லிட்டாங்களாம். "ஒருநாள் கூட விடலம்மா, என் புள்ள மேல சத்தியம்"னு கவுன்சிலர்கிட்ட சொன்னதையே என்கிட்டயும் திரும்பத் திரும்பச் சொன்னாங்க. நான் நம்பினேன். பொய் சொல்றவங்க முகம் அப்படி இருக்காது.

சென்டர்ல கொடுத்த மருந்துப் புத்தகத்தை எடுக்க மடியில இருந்த பையைத் திறந்தாங்க. உள்ள மாத்திரை டப்பா, தண்ணி பாட்டில், அதோட ஒரு ஜெலுசில் பாட்டில், பாதி காலி. இது எப்பம்மா குடிப்பீங்கன்னு கேட்டேன். "ராத்திரி மாத்திரை போட்ட கையோட ரெண்டு மூடி. அந்த மாத்திரை சூடாச்சே, வயிறு எரியக் கூடாதுல்ல"ன்னாங்க. எத்தனை நாளான்னு கேட்டதுக்கு, ஒரு வருஷத்துக்கு மேலன்னாங்க.

நான் அவங்களைக் கையைப் பிடிச்சு மறுபடியும் கவுன்சிலர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். பாட்டிலை மேசை மேல வெச்சதும் அந்தப் பொண்ணுக்கு விஷயம் புரிஞ்சுடுச்சு. நம்மள்ல முக்கால்வாசிப் பேர் இப்ப போடறது டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் மூணும் ஒண்ணா இருக்கற மாத்திரை. டி.எல்.டின்னு சொல்வாங்க. அதுல டோலுடெக்ராவிருக்கு அலுமினியம், மெக்னீசியம் கலந்த வயித்தெரிச்சல் மருந்து ஆகவே ஆகாது. ரெண்டும் வயித்துக்குள்ள ஒட்டிக்கிட்டு, மருந்து ரத்தத்துல சரியாச் சேராமலே பெரும்பகுதி வெளிய போயிடும். அந்த அம்மா மாத்திரை போட்டது நிஜம். உடம்புக்குச் சரியாப் போய்ச் சேரலைங்கறதும் நிஜம்.

வயித்தெரிச்சல் மருந்து குடிச்சே ஆகணும்னா நம்ம மாத்திரையை அதுக்கு 2 மணி நேரம் முன்னாடி போடணும், இல்லைன்னா அதைக் குடிச்சு 6 மணி நேரம் கழிச்சுப் போடணும். இந்த ஒரு வரியை அவங்களுக்கு யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு வருஷம் வீணாகியிருக்காது. சொல்லியும் இருக்கலாம். முதல் நாள் அந்த ரூம்ல உக்காந்திருக்கறப்ப நம்ம காதுல என்ன ஏறுது? எனக்கு 2008ல சொன்னதுல பாதி ஞாபகமில்லை.

அப்ப எனக்கு வேற மருந்து. ஸ்டாவுடின் இருக்கறது, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. உயிரைக் காப்பாத்துச்சு, கூடவே கன்னம் ஒட்டிப் போச்சு, பாதம் மதமதன்னு இருக்கும். அப்புறம் எஃபாவிரென்ஸ். ராத்திரி போட்டுட்டுப் படுத்தா தலை கிறுகிறுக்கும், விடிய விடியக் கனவு. இதையெல்லாம் தாண்டி வந்தவளுக்கு இப்ப இருக்கற மாத்திரை எவ்வளவு லேசுன்னு தெரியும். லேசா இருக்கறதாலதான் இதுகூட வேற எதைப் போட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சுடறோம். உங்களுக்கு இப்படி நடந்திருந்தா எழுதுங்க. பேர் வேண்டாம், ஆஸ்பத்திரி பேரும் வேண்டாம்.

போட்டுக்காரன்:

அக்கா, நான் விசைப்படகுல வேலை. ஒரு தடவை கிளம்பினா பத்து பன்னெண்டு நாள் ஆவும் கரைக்கு வர. மொத வருஷம் மாத்திரையை எண்ணி ஒரு பிளாஸ்டிக் கவர்ல முடிஞ்சு இடுப்புல வெச்சுகினு போனேன். டப்பாவோட போனா கூட இருக்கறவன் இன்னான்னு கேப்பான்னு பயம். உப்புக் காத்து, ஐஸ் தண்ணி, வேர்வை. நாலாம் நாளு பிரிச்சுப் பாத்தா எல்லாம் ஊறி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போய் மாவு மாதிரி கீது. பாதியைப் போட்டேன், மீதியைக் கடல்ல கொட்டிட்டேன். ஆறு நாளு மாத்திரை இல்லாம ஓட்டினேன்.

கரைக்கு வந்து அதை மறைக்கலாம்னுதான் பாத்தேன். ஆனா அங்க டப்பாவுல மீதி எத்தனைன்னு எண்ணுவாங்களே. சொல்லிட்டேன். திட்டுவாங்கன்னு நெனச்சேன், அந்த சார் திட்டல. ஒரு டப்பாவைத் திறந்து உள்ள இருக்கற சின்னப் பொட்டலத்தைக் காட்டினாரு. "இது ஈரத்தை இழுக்கறதுக்கு வெச்சது. இதைத் தூக்கிப் போடாத, மூடியை இறுக்க மூடு, வேற எதுலயும் மாத்தாத"ன்னாரு. இப்ப டப்பாவோட ரெண்டு கவர்ல சுத்தி, அரிசி டின்னுக்குள்ள வெக்கறேன். கேட்டா தைராய்டு மாத்திரைன்னு சொல்லிடுவேன். பத்து நாள் ட்ரிப்புன்னா இருபது நாளு மாத்திரை எடுத்துகினு போவேன், இன்ஜின் ரிப்பேர் ஆனா எப்ப கரை சேருவோம்னு சொல்ல முடியாது. ஏப்ரல் 15ல இருந்து 61 நாளு தடைக்காலம் வருது பாருங்க, அப்பதான் எல்லா டெஸ்டையும் முடிச்சுக்கறது.

ஓய்வுபெற்ற செவிலியர்:

தம்பி சொன்னதில் ஒரு விஷயம் பொன்னானது: மறைக்காமல் சொன்னது. முப்பது வருஷம் வார்டில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், மாத்திரை விட்டுப்போனதைவிட அதை மறைப்பதுதான் அதிகக் கேடு. விட்டது தெரியாவிட்டால், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து மருத்துவர் தவறான முடிவுக்குப் போவார்.

மறந்துவிட்டால் என்ன செய்வது என்று பலர் கேட்பார்கள். ஞாபகம் வந்த உடனே போடுங்கள். அடுத்த வேளைக்கு 4 மணி நேரத்துக்குள்தான் இருக்கிறது என்றால் மட்டும் அதை விட்டுவிட்டு, வழக்கமான நேரத்துக்குப் போடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

அக்கா எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யும், ஆனால் அவற்றுக்கு ஒரு வழி உண்டு. சாப்பாட்டோடு சேர்த்து இரண்டையும் ஒரே நேரத்தில் போடலாம். வெறும் வயிற்றில் என்றால் அதே 2 மணி, 6 மணி இடைவெளி. ஜெலுசில், டைஜீன் போன்றவற்றுக்குச் சாப்பாட்டு வழி கிடையாது, இடைவெளி விட்டே ஆகவேண்டும். பான்டோபிரசோல் மாதிரி அமிலம் சுரப்பதைக் குறைக்கும் மாத்திரைக்கு இந்தச் சிக்கல் இல்லை. வயிற்றெரிச்சல் தினமும் இருக்கிறவர்கள் அதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

ஹார்பர் வேலை:

எனக்கு இடுப்பு வலி. லோடு ஏத்தறவனுக்கு வராம இருக்குமா. சாயங்காலம் வீட்டுக்குப் போறப்ப மெடிக்கல்ல "வலிக்கு ஒரு செட்டு"ன்னு கேட்டா மூணு மாத்திரை சின்னக் கவர்ல போட்டுத் தருவாங்க. என்ன மாத்திரைன்னு நானும் கேட்டதில்ல, அவரும் சொன்னதில்ல. வாரத்துல நாலு நாள். அப்படியே ஒரு வருஷம்.

போன தடவை ரத்தம் எடுத்தப்ப கிரியேட்டினின், அதான் கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற நம்பர், ஏறியிருக்குன்னு டாக்டரம்மா கூப்பிட்டாங்க. வேற என்ன மாத்திரை போடறன்னு கேட்டாங்க. ஒண்ணும் இல்லைன்னேன். வலி மாத்திரை என் கணக்குல மாத்திரையே இல்ல, அதான் நிஜம். அவங்க விடல. "தலைவலி, உடம்பு வலின்னு வெளிய எதுவுமே வாங்கறதில்லயா?" அப்பதான் சொன்னேன். மறுநாள் அந்தக் கவரை எடுத்துட்டு வரச் சொன்னாங்க. பாத்தா ஒண்ணு டைக்ளோஃபெனாக். டெனோஃபோவிர் கிட்னி வழியா வெளிய போற மருந்தாம். அதுகூட இந்த வலி மாத்திரையும் சேர்ந்தா கிட்னிக்கு ரெண்டு பக்கத்துல இருந்தும் அடி. டோலுடெக்ராவிர் போட்டா கிட்னி நல்லா இருந்தாலும் அந்த நம்பர் கொஞ்சம் ஏறுமாம், ஆனா எனக்கு ஏறினது அதுக்கும் மேல. செட்டு மாத்திரையை நிறுத்திட்டு மறுபடி டெஸ்ட் எடுத்தாங்க, இறங்கிடுச்சு. இறங்கலைன்னா டெனோஃபோவிருக்குப் பதிலா வேற மருந்து மாத்த வேண்டியிருக்கும்னாங்க. இப்ப வலின்னா பாராசிட்டமால், இல்லைன்னா ஒரு நாள் லீவு. அண்ணன்மாரே, அந்தக் கவரைத் தயவுசெஞ்சு வாங்காதீங்க.

தண்டையார்பேட்டை தம்பி:

எனக்கு டிபியும் சேர்ந்து இருந்துச்சு, 6 மாசம் மருந்து. டிபி மாத்திரையில ரிஃபாம்பிசின் இருக்கும், சிறுநீர் ஆரஞ்சு கலர்ல போகும், மொத நாள் ரத்தம்னு நினைச்சுப் பயந்துட்டேன். அது டோலுடெக்ராவிரைச் சீக்கிரமே கரைச்சுத் தள்ளிடுமாம். அதனால ராத்திரி 8 மணிக்கு டி.எல்.டி, காலையில 8 மணிக்கு டோலுடெக்ராவிர் 50 தனியா இன்னொண்ணு. டிபி மருந்து முடிஞ்ச அன்னிக்கே அந்தக் காலை மாத்திரையை நிறுத்தப் போனேன். ஃபார்மசிஸ்ட் அண்ணன் தடுத்தாரு, இன்னும் 2 வாரம் போடணும், ரிஃபாம்பிசின் வேகம் உடம்புல உடனே போகாதுன்னாரு. டிபி ஒரு இடத்துலயும் ஏ.ஆர்.டி ஒரு இடத்துலயும் வாங்கறவங்க ரெண்டு பக்கமும் ரெண்டு புத்தகத்தையும் காட்டுங்க.

அம்மா_2019:

எனக்குக் கர்ப்பத்துலதான் தெரிஞ்சது. இரும்பு மாத்திரை மதியச் சாப்பாட்டோட, கூட்டு மருந்து ராத்திரின்னு பிரிச்சுக் கொடுத்தாங்க. குழந்தைக்குத் தொத்தாம இருக்கப் பிறந்த உடனே நெவிராபின் சிரப். 18 மாசத்துல கடைசி டெஸ்ட், நெகட்டிவ். அந்தப் பேப்பரை இன்னும் பீரோவுல புடவைக்கு நடுவுல வெச்சிருக்கேன்.

சர்க்கரைக்காரி:

நான் தப்பு பண்ணினது வேற மாதிரி. சர்க்கரைக்கு வேற ஒரு கிளினிக்ல பாக்கறேன், அங்க ஹெச்.ஐ.வின்னு சொல்லல. மெட்ஃபார்மின் 1000, காலையும் ராத்திரியும். டி.எல்.டிக்கு மாத்தின மாசத்துல இருந்து வயித்துப்போக்கு, குமட்டல். புது மாத்திரை ஒத்துக்கலைன்னு நினைச்சு, யாரையும் கேக்காம அதை நிறுத்தலாம்னு இருந்தேன். நல்லவேளை, நிறுத்தறதுக்கு முன்னாடி சென்டர்ல கேட்டேன். டோலுடெக்ராவிர் மெட்ஃபார்மினோட அளவை ரத்தத்துல ஏத்திடுமாம். ரெண்டும் சேர்த்துப் போடறவங்களுக்கு மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாதுன்னு சொல்லி, சர்க்கரை டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாங்க. அதைக் கையில வெச்சுக்கிட்டு அந்த கிளினிக் வாசல்ல அரை மணி நேரம் நின்னேன். கொடுத்தேன். அவர் படிச்சாரு, அளவை மாத்தி எழுதினாரு, சர்க்கரையைப் பத்தி மட்டும் பேசினாரு. அவ்வளவுதான். எல்லா டாக்டரும் இப்படி இருக்க மாட்டாங்க, எனக்கும் தெரியும். இதே ஊர்ல ஒரு பல் டாக்டர் ரூம்ல நோயைச் சொன்ன உடனே வெளிய அனுப்பிட்டாங்க. 2017ல போட்ட சட்டப்படி அப்படி அனுப்பக் கூடாது, நம்ம சம்மதம் இல்லாம விஷயத்தை வெளிய சொல்லவும் கூடாது. அன்னிக்கு எனக்கு அது தெரியல.

ஓய்வுபெற்ற செவிலியர்:

சகோதரி, நிறுத்தாமல் கேட்டீர்களே, அது பெரிய விஷயம். நிறுத்தினால் வைரஸ் சில வாரங்களிலேயே திரும்பி வந்துவிடும். ஹெபடைடிஸ் பி இருக்கிறவர்களுக்கு இன்னும் ஆபத்து. டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்தக் கிருமியையும் அடக்கி வைத்திருக்கின்றன, திடீரென்று விட்டால் கல்லீரல் வீங்கிவிடும். காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடிப்பு, முகமோ உதடோ வீங்குவது, கண் மஞ்சளாவது, இவை வந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள்.

புதுசு:

அக்கா, எனக்கு 24 வயசு. மாத்திரை ஆரம்பிச்சு மூணு வாரம். ராத்திரி 9 மணிக்குப் போடறேன், தூக்கமே வரல. வீட்ல அம்மாவுக்குத் தெரியாது. டப்பாவுல இருந்து எடுத்து வைட்டமின் பாட்டில்ல போட்டு வெச்சிருக்கேன். எழுதினதைப் படிச்சதுல இருந்து பயமா இருக்கு. யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல.

காசிமேடு அக்கா:

தம்பி, பயப்படாதப்பா. தூக்கம் வராதது நிறையப் பேருக்கு ஆரம்பத்துல இருக்கறதுதான். காலைக்கு மாத்திக்கலாம், காலை டிபன் சாப்பிடற நேரத்துக்கு வெச்சுக்கோ. எப்படி மாத்தறதுன்னு கவுன்சிலர்கிட்ட ஒரு போன் பண்ணிக் கேட்டுட்டு மாத்து. இது சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம்.

அந்த வைட்டமின் பாட்டில் வேண்டாம். மாத்திரையை அதோட டப்பாவுக்கே மாத்து, பொட்டலத்தோட. மேல இருக்கற லேபிளைப் பாத்துடுவாங்கன்னா டப்பாவை ஒரு சாக்ஸுக்குள்ள போட்டு உன் ஆபீஸ் பையில வை. நான் பத்து வருஷம் அரிசிப் பானைக்குப் பின்னாடி வெச்சிருந்தேன். அந்தப் பாட்டில்ல முன்னாடி இருந்த வைட்டமினை இன்னும் போடறியா? அதுல கால்சியம், இரும்பு இருக்கான்னு பாரு. இருந்தா ரெண்டையும் சாப்பாட்டோட போடு.

6 மாசத்துல வைரல் லோடு எடுப்பாங்க. அது கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நின்னா, உடலுறவு மூலமா உன்கிட்ட இருந்து இன்னொருத்தருக்குப் போகாது. கல்யாணம், குழந்தை எதுவும் முடிஞ்சுபோகல. சென்டர்ல கேக்கக் கூச்சமா இருந்தா 1097க்கு போன் போடு, காசு கிடையாது, பேர் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்ல மாட்டிக்கிட்டு மாத்திரை தீர்ந்துட்டா அங்க இருக்கற ஏ.ஆர்.டி சென்டர்ல புத்தகத்தைக் காட்டிக் கேளு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் தண்ணி எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு வந்தப்ப டப்பாவோட போச்சு எனக்கு. புத்தகத்தை மட்டும் பரண் மேல வெச்சிருந்தேன். அதை வெச்சுத்தான் வாங்கினேன்.

வியாசர்பாடி அம்மாவைப் பத்திக் கேட்டவங்களுக்கு: நேத்து போன் பண்ணினாங்க. ஜெலுசிலை நிறுத்திட்டு டாக்டர் வேற எழுதிக் கொடுத்திருக்காரு. மூணு மாசம் கழிச்சு மறுபடி வைரல் லோடு. தனியாப் போக மனசு வரலையாம். நானும் கூடப் போறேன்.