ஹார்டாங்கர் வீட்டு உலர்பழச் சூப்

நோர்வேயின் பேர்கன் நகரில் எங்கள் மேல்வீட்டில் இருக்கும் அம்மாவின் சொந்த இடம் ஹார்டாங்கர் என்ற கடல்நுழைவாய்ப் பகுதி. நத்தார் காலத்தில் அவர் வீட்டு அடுப்பில் சோத்சுப்பெ கட்டாயம் இருக்கும். உலர்பழங்களும் சவ்வரிசியும் போட்டுக் காய்ச்சும் இனிப்புச் சூப் அது. கிண்ணத்தில் பார்த்தபோது பாயசம் என்றே எண்ணினேன். ஆனால் பால் கிடையாது. வாயில் வைத்ததும் புளிப்புத்தான் முன்னுக்கு வந்தது. அந்தப் புளிப்புக்காகவே செய்முறையைக் கேட்டு, பக்கத்தில் நின்று பழகினேன்.

அவருடைய பாட்டி செய்த முறை அது. உலர்ந்த ஆப்பிள் வளையங்களையும் ஏப்ரிகொட்டையும் முதல்நாள் இரவே ஒன்றரை லீட்டர் தண்ணீரில் ஊறப் போடுவார். ஊறிய தண்ணீரைக் கொட்டுவதில்லை, காய்ச்சுவதும் அதிலேதான். காலையில் ஒரு துண்டு கறுவாப்பட்டை, கொஞ்சம் எலுமிச்சைத் தோல். கொதி வந்ததும் சவ்வரிசியைத் தூவிக் கிளறிக்கொண்டே நிற்க வேண்டும், கையை எடுத்தால் அடிப்பிடிக்கும். கடைசிப் பத்து நிமிடத்தில்தான் புரூன்ஸ் என்ற உலர்ந்த பிளம்ஸும் உலர்திராட்சையும் போடுவார். முன்பே போட்டால் புரூன்ஸ் கரைந்து சூப் கறுத்துப் போகும். இறக்கும்போது செங்கரண்ட் என்ற சிறிய சிவப்புப் புளிப்புப் பழத்தின் சாறு சேர்ப்பார். அதற்கும் பிறகுதான், ருசி பார்த்துச் சீனி. இந்த வரிசையை மாற்ற அவர் சம்மதிப்பதே இல்லை. சாறு சேருமுன் சீனி போட்டால் எவ்வளவு வேண்டும் என்று எப்படித் தெரியும் என்பார். மிகச் சரி.

ஹார்டாங்கர் கரையெல்லாம் ஆப்பிளும் பிளம்ஸும் காய்க்கும் தோட்டங்கள். ஆனாலும் கோடை குறுகியது. அறுவடையில் கிடைத்ததை உலர்த்தி வைத்தால்தான் மார்கழியில் பழம் உண்டு. உலர்திராட்சை கப்பலில் வரவேண்டிய சாமான், அதனால் அந்தக் காலத்தில் விசேஷ நாட்களுக்கு மட்டும் எடுத்தார்களாம்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புவோருக்கு ஒன்று. நோர்வேக் கடைச் சவ்வரிசி பெரும்பாலும் உருளைக்கிழங்கு மாவில் செய்தது. நம் கடைகளில் வாங்குவது மரவள்ளி மாவில் செய்தது. பெரிய மணியாக இருந்தால் அரை மணிநேரம் ஊறவைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் வெள்ளைப் பொட்டு நிற்கும். ஆறவைக்கும்போது மேலே கொஞ்சம் சீனி தூவினால் ஆடை படியாது.

1825-இல் ஸ்டவாங்கரிலிருந்து ‘ரெஸ்டோரேஷன்’ என்ற சிறு கப்பல் புறப்பட்டதில் தொடங்கி, லட்சக்கணக்கான நோர்வேக்காரர் அமெரிக்கா போனார்கள். இந்தச் சூப்பும் கூடப் போனது. மேல்வீட்டு அம்மாவின் உறவுகள் மினசோட்டாவில் இருக்கிறார்கள். அங்கே கரண்ட் சாற்றுக்குப் பதில் திராட்சைச் சாறு ஊற்றுகிறார்களாம். அப்படியும் ஒரு தடவை காய்ச்சிக் கொடுத்தார். நிறம் அழகாக இருந்தது, ஆனால் எனக்கு இனிப்பு மிஞ்சிவிட்டது. இன்னும் அரை எலுமிச்சை பிழிந்திருந்தால் சரியாக இருந்திருக்கும்.