அப்பா பணம், அம்மா பெயர்: வீடு யாருக்கு? உங்கள் குடும்ப அனுபவங்கள்

எங்கள் வீட்டு வழக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா லாரித் தொழில் செய்தவர். 1994-ல் வீடு வாங்கியபோது கிரயப் பத்திரத்தை அம்மா பெயரில் பதிந்தார். தொழிலில் கடன் ஏறினாலும் வீட்டின் மீது யாரும் கைவைக்கக் கூடாது என்பது அவர் போட்ட கணக்கு. அம்மாவுக்குத் தனி வருமானம் கிடையாது.

அப்பா போன பிறகு அம்மா அந்த வீட்டைத் தம்பிக்குத் தானசெட்டில்மென்ட் எழுதிவைத்திருக்கிறார். அம்மாவின் காரியம் முடிந்து வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கும் அக்காவுக்கும் தெரிந்தது. "அம்மா சொத்து, அம்மா கொடுத்தார்கள்" என்று முடித்துக்கொண்டான் தம்பி.

பணம் கொடுத்தவருக்கே சொத்து என்றுதான் நாங்கள் நம்பியிருந்தோம். 1882-ஆம் ஆண்டு அறக்கட்டளைச் சட்டத்தின் 82-வது பிரிவு ஏறக்குறைய அப்படித்தான் சொன்னதாம். 1988-ல் வந்த பினாமிச் சட்டம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது. அப்பா வீடு வாங்கிய காலத்தில் இருந்த விதிப்படி, மனைவி பெயரில் வாங்குவதற்குத் தடையில்லை. ஆனால், அது மனைவியின் நலனுக்காகவே வாங்கப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று காட்டும் சுமை எங்கள் தலையில்.

வழக்கறிஞர் 1973-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். பணம் எங்கிருந்து வந்தது? வீடு யார் அனுபவத்தில் இருந்தது? ஏன் வேறொருவர் பெயர்? அவர்களுக்குள் என்ன உறவு? மூலப் பத்திரம் யார் கையில் இருந்தது? வாங்கிய பிறகு யார் எப்படி நடந்துகொண்டார்கள்? மூலப் பத்திரம் அப்பாவின் பீரோவில்தான் இருந்தது, வங்கிப் புத்தகமும் கிடைத்தது. ஏன் அம்மா பெயர் என்பதற்குத்தான் வாய் திறக்க முடியவில்லை. கடன்காரர்களுக்குப் பயந்து என்று நாமே மனுவில் எழுதினால் அப்பாவின் பெயர் என்னாவது?

எங்களைக் கவிழ்த்தது 2003-ல் வங்கிக்கு எழுதிக் கொடுத்த அடமானப் பத்திரம். "எனக்குச் சுயார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு எனது அனுபவத்தில் இருந்துவரும்" என்று, அதாவது தானே சம்பாதித்த சொத்து என்று, அம்மா கையெழுத்திட்டிருக்கிறார். கீழே முதல் சாட்சி, அப்பா. அந்தச் சாய்ந்த கையெழுத்தை என் பள்ளி மதிப்பெண் அட்டைகளில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை என் முன்னால் நீட்டி "உங்கள் அப்பா கையெழுத்துதானே?" என்றார். ஆமாம் என்பதைத் தவிர வேறென்ன சொல்வது? வழக்கு தள்ளுபடி. மேல்முறையீட்டுக்கு அக்கா தயார், நான் தயாரில்லை. தீர்ப்பைக் குறைசொல்ல மாட்டேன், தம்பியைச் சொல்வேன்.

*

உங்களுக்காவது தாயும் பிள்ளைகளும். எனக்கு உடன்பிறந்த அண்ணன். வளைகுடாவில் இருந்தபடி நான் பணம் அனுப்ப, அண்ணன் தன் பெயரில் மட்டும் மனை வாங்கினார். அனுப்பிய ரசீதுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் 2016 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, சகோதரர் பெயரில் வாங்கியது பினாமி ஆகாமல் இருக்க, ஏதாவதோர் ஆவணத்தில் இருவரும் கூட்டு உரிமையாளர்களாக இருக்க வேண்டும் என்கிறார் வழக்கறிஞர். பினாமி என்று ஆகிவிட்டால் என் சொத்து என்று வழக்குப் போடவே வழியில்லை. அரசே பறிமுதல் செய்யலாம். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிப் போனவர், இப்போது போனை எடுப்பதில்லை.

*

நான் பத்திர எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளை பெயரில் கிரயம் எழுத வருகிறவர்களிடம், பணம் யாருடையது, எதற்காக இந்தப் பெயர் என்று ஒரு வரி சேர்க்கட்டுமா என்று கேட்பேன். "எதற்கு ஐயா, நம் பிள்ளைதானே" என்று பெரும்பாலும் சிரித்துவிடுவார்கள். ஒரு பெரியவர் மட்டும் சேர்க்கச் சொன்னார். பக்கத்தில் நின்ற மகன் முகம் சுளித்தான். அவர் காலமான பிறகு மகள்கள் பத்திர நகல் எடுக்க வந்தார்கள். நான்தான் மனு எழுதிக் கொடுத்தேன். அந்த வரியைக் காட்டியே நான்கு பேரும் பேசிப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினைப் பத்திரமும் நானே எழுதினேன். மகன் அப்போதும் சிரிக்கவில்லை.