இத்தாலியில் 9 இரவு: தங்குவது புளோரன்ஸிலா, பொலோனியாவிலா?

வைகைக்கரை:
வணக்கம். மே மாதம் குடும்பத்தோடு இத்தாலி போகிறோம். நான், கணவர், 12 வயது மகன், 7 வயது மகள், என் அத்தை. அத்தைக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. அரை மணி நேரம் நடந்தால் பத்து நிமிடமாவது உட்கார வேண்டும். சுத்த சைவம். விமானச் சீட்டு எடுத்தாகிவிட்டது. ரோமில் இறங்குகிறோம், மிலானிலிருந்து திரும்புகிறோம், நடுவில் 9 இரவு.

இரண்டு நாளைக்கு ஒரு முறை பெட்டி கட்ட எங்களால் முடியாது. ஒரே ஊரில் வீடு எடுத்து, காலையில் ரயிலேறிப் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்கிறார் கணவர். ரோம், புளோரன்ஸ், வெனிஸ் மூன்றும் பார்க்க வேண்டும். மகனுக்கு ஃபெராரி கார், மகளுக்குப் படகு. வரைபடத்தில் புளோரன்ஸும் பொலோனியாவும் நடுவில் இருக்கின்றன. எது சரி?

ரயில்நேசன்:
பொலோனியா. மிலான், வெனிஸ், வெரோனா, புளோரன்ஸ் என்று எல்லாப் பக்கத்துத் தண்டவாளமும் அங்கேதான் வந்து கூடுகிறது. அதிவேக ரயிலில் புளோரன்ஸ் சுமார் 40 நிமிடம், மிலான் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், வெனிஸ் ஒன்றரை மணி நேரம். புளோரன்ஸில் தங்கினால் வெனிஸுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அந்த ரயிலும் பொலோனியாவைத் தொட்டுத்தான் போகிறது. வடக்கே எங்கே கிளம்பினாலும் அந்த 40 நிமிடத்தைப் போக ஒரு முறை, வர ஒரு முறை கூடுதலாகச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

உங்கள் மகன் கேட்கும் ஃபெராரியும் அந்தப் பக்கம்தான். மொடேனா சாதாரண ரயிலில் அரை மணி நேரம், என்சோ ஃபெராரி அருங்காட்சியகம் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். இன்னொன்று மரனெல்லோவில், தொழிற்சாலை இருக்கும் ஊரிலேயே.

கோவை மலர்:
ரயில் கணக்கு சரி. ஆனால் ஒரு பயணத்தில் நமக்கு முழுசாகக் கிடைக்கும் ஊர், நாம் இரவு தூங்கும் ஊர்தான். மற்ற ஊர்களை எல்லாரும் போகும் பத்து மணிக்குப் போய், எல்லாரும் கிளம்பும் ஆறு மணிக்குக் கிளம்பி வருவோம். நாங்கள் பிள்ளைகளோடு புளோரன்ஸில் ஆறு இரவு இருந்தோம். காலை ஏழு மணிக்குப் பேராலயத்துச் சதுக்கத்தில் துப்புரவு வண்டியும் நாங்களும்தான். புருனெலெஸ்கி கட்டிய குவிமாடத்தைத் தலையை அண்ணாந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதே இடத்தில் பதினொரு மணிக்குக் கால் வைக்க இடமில்லை. மே மாதம் எட்டரை வரை வெளிச்சம் இருக்கும். இரவுச் சாப்பாடு முடித்து ஆர்னோ ஆற்றங்கரைக்கு வந்தால் பிள்ளைகள் ஓடி விளையாடுவார்கள்.

புளோரன்ஸைப் பொலோனியாவிலிருந்து வந்து பார்ப்பவருக்கு இந்த இரண்டு வேளையும் போய்விடும். தவிர, சுற்றிலும் என்னவெல்லாம் இருக்கிறது! பைசா ஒரு மணி நேரம். லூக்கா ஊரைச் சுற்றி நான்கு கிலோமீட்டர் கோட்டைச்சுவர், அதன் மேலேயே சைக்கிள் ஓட்டலாம். எங்கள் பிள்ளைகள் இன்றும் பேசுவது அந்தச் சைக்கிளைப் பற்றித்தான். சியெனாவுக்குப் பேருந்தில் போங்கள், ரயில் நிலையம் ஊருக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது.

ரயில்நேசன்:
பைசாவை நம்பிப் போகும்முன் ஒன்று கவனியுங்கள். சாய்ந்த கோபுரத்தில் 8 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை ஏற விடமாட்டார்கள். அண்ணன் ஏறுவான், தங்கை கீழே அழுதுகொண்டு நிற்பாள்.

அப்புறம் காசு. அதிவேக ரயிலில் முன்கூட்டி எடுக்கும் மிக மலிவான சீட்டுக்கு நேரத்தை மாற்ற முடியாது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் போன காசு போனதுதான். பெரியவர் ஒருவர் முழுக் கட்டணம் கொடுத்தால் 15 வயதுக்குட்பட்டவருக்கு இலவசம் என்று ட்ரெனிதாலியா என்ற அரசு ரயில் நிறுவனத்தில் ஒரு சலுகை இருக்கிறது, ஆனால் உங்கள் வீட்டில் முழுக் கட்டணக்காரர் மூன்று பேர். பொலோனியாவிலிருந்து மொடேனா, ஃபெராரா, பார்மா, ரவென்னா எல்லாம் சாதாரண வட்டார ரயில் தூரம். அதன் கட்டணம் என்றைக்கும் ஒன்றுதான், முன்பதிவு தேவையில்லை. காலையில் எழுந்து அத்தையின் முழங்காலைக் கேட்டுவிட்டு எங்கே போவது என்று முடிவு செய்யலாம். வெனிஸுக்குக்கூட வட்டார ரயில் இருக்கிறது, சுமார் இரண்டு மணி நேரம்.

தஞ்சை அரசு:
இருவரும் ரோமை மறந்துவிட்டீர்கள். 9 நாளும் ரோமில் இருங்கள் என்பேன். கொலோசியம் ஒரு நாள், வாட்டிகன் ஒரு நாள், ஓஸ்தியா ஆந்திகா இடிபாடுகள் ஒரு நாள், ஓர்வியெத்தோ ஒரு நாள். நேப்பிள்ஸ் ஒரு மணி பத்து நிமிடம்தான், அங்கிருந்து பாம்பெய் போய் இரவு திரும்பலாம். நடுவே போர்கேசே பூங்காவில் பிள்ளைகளுக்கு ஒரு மாலை. மூன்று ஊர் பார்த்தோம் என்று கணக்குச் சொல்வதைவிட ஒரே ஊரை ஆழமாகப் பார்ப்பது பிள்ளைகளுக்கு நல்லது.

வைகைக்கரை:
அண்ணா, ரோம் மட்டும் என்றால் மகள் படகைக் கேட்பாள். விமானமும் மிலானிலிருந்துதான். மலர் அக்கா சொன்ன காலை வேளை ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏழு மணிக்கு இந்தப் பட்டாளத்தைக் கிளப்ப முடியுமா என்று தெரியவில்லை.

பலெர்மோ தம்பி:
அக்கா, நான் பலெர்மோவில் வளர்ந்து இப்போது வடக்கில் வேலை செய்யும் ஈழத்தமிழன். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரரை வருடத்துக்கு இரண்டு மூன்று தரம் கூட்டித் திரிகிறேன். ஒரே ஊர் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கோ. ரோமைப் பொலோனியாவிலிருந்தோ புளோரன்ஸிலிருந்தோ ஒரு நாளில் போய் வருவது வீண். வாட்டிகன் அருங்காட்சியகமே அரை நாள் தின்னும், கொலோசியத்துக்கு நேரம் குறித்த சீட்டு வேணும், ரயில் தவறினால் அதுவும் போகும். ரோமில்தானே இறங்குகிறீர்கள்? அங்கே நாலு இரவு நில்லுங்கோ. மிச்சம் ஐந்து இரவுக்கு எந்த ஊர் என்றுதான் கதைக்க வேணும். பெட்டி தூக்குவது ஒரே ஒரு தரம்.

வேலைநிறுத்தத்தையும் கணக்கில் எடுங்கோ. இங்கே ரயில்காரர் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும், நாள் முன்கூட்டியே அறிவிப்பார்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை குறிப்பிட்ட வட்டார ரயில்கள் ஓடியாக வேணும் என்று விதி. பக்கத்து ஊர்ப் பயணம் என்றால் அந்த நேரத்துக்குள் போய் வந்துவிடலாம்.

கோவை மலர்:
ரோமில் நான்கு இரவு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அப்படியென்றால் மீதி ஐந்தும் புளோரன்ஸுக்குத்தான் போக வேண்டும் என்பது இன்னும் வலுவாகிறது. ரோமிலிருந்து ஒன்றரை மணி நேரம். அரசு அருங்காட்சியகங்களில் 18 வயதுக்குட்பட்டவருக்கு எந்த நாட்டவரானாலும் நுழைவு இலவசம். அதனால் உஃபிசி ஓவியக்கூடத்துக்கு ஒரே நாளில் ஐந்து மணி நேரம் என்று பிள்ளைகளை இழுக்காமல், இரண்டு மூன்று அறையோடு நிறுத்திக்கொண்டு வீட்டுக்கு வந்து தூங்கலாம். பக்கத்தில் வீடு இருந்தால்தான் இது நடக்கும். ரயிலேறி வந்தவர்கள், வந்துவிட்டோமே என்று எல்லாவற்றையும் பார்த்து முடிக்கப் பார்ப்பார்கள், கடைசி அறையில் யாருக்கும் கண் தெரியாது.

ரயில்நேசன்:
மலர், நீங்கள் சொல்வது நான்கு பேருக்குப் பொருந்தும். ஐந்தாவது ஆளை யோசித்துப் பாருங்கள்.

போன முறை என் அம்மாவும் எங்களோடு வந்தார், அவருக்கும் இதே முழங்கால்தான். மூன்றாம் நாள், "நீங்கள் போய் வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்" என்றார். அப்படி ஒரு நாள் எந்தப் பாட்டிக்கும் வரும். அன்றைக்கு அவர் தனியாக என்ன செய்வார் என்பதை வைத்துத்தான் நான் ஊரைத் தேர்ந்தெடுப்பேன். பொலோனியாவில் வாசலைத் தாண்டினால் தூண்வரிசை நடைபாதை. நம் கோயில் பிராகாரம் போல, மேலே கூரை, கீழே சமதளம். ஊர் முழுக்கச் சேர்த்தால் சுமார் 62 கிலோமீட்டர், 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மழையும் வெயிலும் படாது, வண்டிக்குப் பயந்து ஒதுங்க வேண்டாம். என் அம்மா அதிலேயே மெதுவாக நடந்து சந்தைத் தெருவுக்குப் போய்த் தக்காளி, வெண்டைக்காய் போல ஏதாவது கிடைக்குமா என்று பார்த்துவிட்டு, ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து, மறுபடி நடந்து வீட்டுக்கு வந்திருந்தார். மாலையில் நாங்கள் வெனிஸிலிருந்து திரும்பியபோது அன்று பார்த்ததையெல்லாம் அவர்தான் எங்களுக்குச் சொன்னார். புளோரன்ஸின் நடுத்தெருக்களில் நடைபாதை குறுகல், கூட்டம் ஒதுக்கித் தள்ளும். அவரைத் தனியாக விட எனக்கு மனம் வந்திருக்காது.

ரவென்னாவையும் அவருக்காகவே சொல்கிறேன். ஊர் சமதளம். 547இல் திருநிலைப்படுத்திய சான் விதாலே ஆலயத்தில் உட்கார்ந்தபடியே சில்லோவியங்களை (மொசைக்) பார்க்கலாம். பக்கத்தில் ரோமப் பேரரசி கல்லா பிளாச்சிதியாவின் பெயரில் உள்ள சிறு மண்டபம், கூரை முழுக்கக் கருநீல வானமும் பொன் நட்சத்திரமும். ஏற வேண்டிய படி என்று பெரிதாக எதுவும் இல்லை.

கோவை மலர்:
உங்கள் அம்மாவின் நாளைப் படித்தபோது என் மாமியாரை நினைத்துக்கொண்டேன். புளோரன்ஸில் அப்படி ஒரு நாள் அவர் வீட்டிலேயேதான் இருந்தார், ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு. அது உண்மை. ஆனால் காரணம் ஊர் மட்டும் இல்லை. வீட்டு விளம்பரத்தில் இரண்டாம் மாடி என்று போட்டிருந்தார்கள். இடையில் ஒரு அரைமாடி இருப்பதையும், மின்தூக்கி இல்லாததையும் சொல்லவில்லை. எழுபதுக்கு மேல் படி. இறங்கினால் ஏற வேண்டுமே என்றுதான் அவர் இறங்கவில்லை. வைகைக்கரை, எந்த ஊரானாலும் மின்தூக்கி இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாசலிலிருந்து மின்தூக்கி வரை எத்தனை படி என்பதையும் கேளுங்கள்.

சாப்பாட்டில் மட்டும் பொலோனியாவை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது இறைச்சி ஊர். ராகு என்பது கறிக் குழம்பு, தொர்தெல்லினி பாஸ்தாவின் உள்ளே பன்றிக்கறி, மிதப்பது இறைச்சிச் சாறு. பொரித்த ரொட்டியில்கூடப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள்.

பலெர்மோ தம்பி:
அது சரிதான், ஆனால் வழி இருக்கு. தொர்தெல்லோனி என்று பெரிசாக இருப்பதில் ரிகோத்தா பாலாடைதான் உள்ளே, வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுத் தருவார்கள். ஃபெராராவில் பூசணிக்காய் வைத்தது கிடைக்கும். அத்தை எவ்வளவு கண்டிப்பான சைவம் என்று கேட்டுக்கொள்ளுங்கோ. பார்மிஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால்தான் உறைய வைக்கிறார்கள், பெரும்பாலும் அதைத்தான் மேலே தூவுவார்கள். "சென்சா கார்னே, சென்சா ஃபொர்மாஜ்ஜோ" என்றால் கறியும் பாலாடைக்கட்டியும் வேண்டாம் என்று அர்த்தம். சமையலறை உள்ள வீடே எடுங்கோ. ரோமில் எஸ்குயிலீனோ சந்தையில் நம்மவர் சமைக்கும் மரக்கறியும் மசாலாவும் கிடைக்கும், ரயிலேற முதல் அங்கே வாங்கி வையுங்கோ.

பொலோனியாவுக்கு ஒரு எச்சரிக்கை. அதிவேக ரயில் நிற்கும் 16 முதல் 19 வரையான நடைமேடைகள் ஆழத்தில், நிலத்துக்கடியில் இருக்கின்றன. மேலே வரப் பத்து நிமிடம் வையுங்கோ, ரயிலைப் பிடிக்கவும் அப்படியே. பெரிய வணிகக் கண்காட்சி நடக்கும் வாரம் அறை விலை ஏறிவிடும், தேதியைப் பார்த்து எடுங்கோ.

வைகைக்கரை:
எல்லாவற்றையும் வீட்டில் வாசித்துக் காட்டினேன். அத்தை குறுக்கே பேசவே இல்லை, அந்த அம்மா தனியாகச் சந்தைக்குப் போய் வந்த இடம் வந்ததும் "அதை இன்னொரு தடவை படி" என்றார். ரோமில் 4, பொலோனியாவில் 5 என்று முடிவு செய்துவிட்டோம். மின்தூக்கி உள்ள வீடு ஒன்றுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். வெனிஸுக்குப் பகல் பயணிகள் கட்டணம் என்கிறார்களே, அது எங்களுக்கும் உண்டா?

பலெர்மோ தம்பி:
2024 ஏப்ரலில் தொடங்கினார்கள், கூட்டம் கூடும் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும். உங்கள் நாள் அதில் வருகிறதா என்று நகராட்சித் தளத்தில் பாருங்கோ. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கிடையாது. படகுக்கு வப்பொரெத்தோ என்ற பொதுப் போக்குவரத்துப் படகு போதும், முதலாம் எண் படகு பெருங்கால்வாய் முழுக்க மெதுவாகப் போகும். முன்னால் இருக்கை கிடைத்தால் மகளை அங்கே விடுங்கோ.

கோவை மலர்:
நான் இன்னும் புளோரன்ஸ் பக்கம்தான், ஆனால் அத்தை கேட்டுவிட்டார் என்றால் பேச்சே இல்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். ஐந்து நாளில் ஒரு நாளைப் புளோரன்ஸுக்கு என்று ஒதுக்கி, காலையில் போகாமல் மதியம் மூன்று மணிக்கு மேல் போங்கள். திங்கட்கிழமை வேண்டாம், உஃபிசி மூடியிருக்கும். அறைகள் இரண்டு மூன்று போதும். பிறகு நகரப் பேருந்தில் மிக்கேலாஞ்சலோ திடலுக்கு ஏறிவிடுங்கள், நடந்து ஏற வேண்டாம். எட்டு மணிக்கு அங்கே உட்கார்ந்தால் குவிமாடம் செம்மண் நிறமாகும். கடைசி ரயில் நேரத்தை மட்டும் முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.