புதுப்பிப்பு: பவர் டார்க் ரெஞ்ச், ரியாக்‌ஷன் ஆர்மை எங்கே ஊன்றுவது?

முந்தைய பதிவில், பவர் டார்க் ரெஞ்சால் (நட்டைக் குறித்த டார்க்குக்கு, அதாவது முறுக்கு விசைக்கு, இறுக்கும் இயந்திர ரெஞ்ச்) ஃபிளேஞ்ச் (குழாய்களை இணைக்கும் வளையத் தட்டு) போல்ட்டுகளை எதிரெதிராக, குறித்த டார்க்கில் 30, 60, 100 சதவீதம் என மூன்று சுற்றில் இறுக்கச் சொல்லியிருந்தேன். ரியாக்‌ஷன் ஆர்ம் (ரெஞ்ச் திரும்பிவிடாமல் ஊன்றித் தாங்கும் கை) பற்றி ஒரே வரியோடு விட்டது தவறு. விரல் நசுங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

கணக்கைப் பாருங்கள்: 1000 நியூட்டன் மீட்டர் டார்க்கில், ஊன்றும் இடம் நட்டின் மையத்திலிருந்து 20 செ.மீ. தள்ளியிருந்தால் அங்கே விழும் விசை 5000 நியூட்டன்; ஏறக்குறைய அரை டன் எடை. சாக்கெட் (நட்டின் மேல் மாட்டும் குழல்) சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் ஆர்ம் பாயும். ஆகவே ட்ரிகரை அழுத்தும் முன்பே அது பக்கத்து நட் போன்ற உறுதியான இடத்தைத் தொட்டு, சாக்கெட்டின் மட்டத்திலேயே நிற்க வேண்டும். இடைவெளியை நிரப்ப இரும்புத் துண்டைச் செருகாதீர்கள், தெறித்துவிடும். ஆர்மைக் கையால் பிடிக்கவே கூடாது.

மறுபக்க நட்டைத் தாங்கும் ஸ்பேனரும் அதே அளவு ஆபத்தானது. அதைக் கயிற்றால் கட்டிவிட்டுக் கையை எடுங்கள். ஹைட்ராலிக் கருவியானால் பம்பின் சுவிட்ச் ரெஞ்சைப் பிடித்திருப்பவரிடமே இருக்கட்டும்.

கிரீஸ் பூசிய போல்ட் பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு: அதற்கு உலர்ந்த போல்ட்டின் டார்க் அளவை வைத்தால் போல்ட் அதிகமாக இழுபட்டு அறுந்துவிடலாம். மூன்று சுற்றும் முடிந்தபின், எந்த நட்டும் இனி நகரவில்லை என்ற நிலை வரும்வரை 100 சதவீதத்தில் வட்டமாகச் சுற்றி வாருங்கள்.