மறு: ‘கேர் பண்டில்’: பொதியா, கோவையா, வேறு சொல்லா?

குழுவினருக்கு வணக்கம்.

மகப்பேற்றுச் செவிலியர் கையேட்டுக்காக ‘கேர் பண்டில்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தார்கள். ஒரு நிலைமைக்கு ஒன்றும் விடாமல் சேர்த்துச் செய்ய வேண்டிய சில சிகிச்சைச் செயல்களை மொத்தமாக அப்படிச் சொல்கிறார்கள். வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்தேன். பல பேர் அகராதியில் ‘பண்டில்’ என்ற சொல்லைத்தான் தேடியிருக்கிறோம். கையேட்டில் அது எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்தால் பாதிச் சொற்கள் தாமாகவே கழன்றுவிடும்.

அது வருகிற இடம், பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கு. வார்டில் ‘பிபிஹெச்’ என்பார்கள். குழந்தை பிறந்தபின் 500 மி.லி. அல்லது அதற்கு மேல் ரத்தம் போனால் இந்தப் பெயர். உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்ன கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 70,000 பெண்கள் இதனால் இறந்தார்கள், பெரும்பாலும் ஏழை நாடுகளில். மருந்து தெரியாத நோயல்ல இது. கருப்பையைத் தேய்த்துவிடுவது, கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின், ரத்த உறைவு கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம், டிரிப்ஸ், ரத்தம் எங்கிருந்து வருகிறது என்ற பரிசோதனை: ஐந்தும் வழிகாட்டு நெறிகளில் ஏற்கெனவே உண்டு. ஆனால் பல மருத்துவமனைகளில் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்துவந்தார்கள். தேய்த்துப் பார்ப்பது, நிற்காவிட்டால் ஊசி, அதற்கும் நிற்காவிட்டால் அடுத்தது. ஒவ்வொன்றும் தோற்கும்வரை காத்திருப்பு. இரவுப் பணியில் ஒரே செவிலியர், ஆக்சிடோசின் ஃப்ரிட்ஜில், இன்னொரு மருந்து பூட்டிய அலமாரியில் என்றால் அந்தக் காத்திருப்பு இன்னும் நீளும்.

இதைத்தான் இ-மோட்டிவ் ஆய்வு மாற்றிப் பார்த்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகள், சுகப்பிரசவமான இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள்; முடிவு 2023இல் வெளியானது. ரத்த அளவை அளந்து, வரம்பு தாண்டியதும் ஐந்தையும் உடனே தொடங்க வேண்டும். புதிய முறைக்கு மாறிய இடங்களில் உதிரப்போக்குகளில் 93 சதவீதம் கண்டறியப்பட்டன. மற்ற இடங்களில் 51 சதவீதம். முழுச் சிகிச்சையும் கிடைத்தது 91 சதவீதத்தினருக்கு. மற்ற இடங்களில் 19. ஒரு லிட்டரைத் தொடும் போக்கு, ரத்தத்தை நிறுத்த வயிற்றைத் திறக்கும் அறுவை, ரத்தப்போக்கால் மரணம் ஆகிய மூன்றும் சேர்ந்த கணக்கு 4.3 சதவீதத்துக்குப் பதில் 1.6. புது மருந்து ஒன்றுகூட இல்லை. ஆகவே நம் சொல்லில் ‘எல்லாம், உடனே’ என்பது ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிட்டால் அந்தச் சொல்லை வைத்து என்ன பயன்?

> ‘சிகிச்சைப் பொதி’ எளிது. உலர் உணவுப் பொதி என்று எங்கள் பக்கம் நாளும் சொல்கிறோமே.

அண்ணா, அதுதான் சிக்கல். பொதி என்றால் கையில் கொடுக்கிற பொருள். தாதியர் அதை ஒரு பெட்டி என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் ஒரு பெட்டியும் இருக்கிறது: மருந்து, ஊசி, டிரிப்ஸ் செட் எல்லாவற்றையும் முன்கூட்டியே அடுக்கிப் பிரசவ அறையிலேயே வைப்பது. அதற்குப் ‘பொதி’ நன்றாகப் பொருந்தும், அங்கே வைத்துக்கொள்வோம்.

> கோவை: கோத்து வைத்தது. ஒன்று உதிர்ந்தாலும் முழுமை இல்லை.

அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் கோப்பது என்றாலே ஒன்றன்பின் ஒன்று. நாம் ஒழிக்க நினைக்கும் பழக்கத்தையே பெயரில் ஏற்றிவிடுவோம். அப்புறம் ‘சிகிச்சைக் கோவை’ என்றால் பாதிப் பேர் கோயம்புத்தூருக்கு ரெஃபர் செய்கிறார்கள் என்று நினைப்பார்கள்.

மற்றவை சுருக்கமாக. கட்டு: புண்ணுக்குப் போடுவது. கொத்து: மருத்துவமனைகளைக் குழுகுழுவாகப் பிரிக்கும் ஆய்வுமுறைக்கு நம் பட்டியலில் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. கூட்டுச் சிகிச்சை: காசநோய்த் துறையினர் எடுத்துக்கொண்டார்கள். தொகுப்பு: தவறில்லை, ஆனால் உயிரில்லை, ஐந்தில் மூன்றைச் செய்தாலும் தொகுப்புதான்.

என் பரிந்துரை ஒருசேர் சிகிச்சை. ‘ஒருசேர’ பேச்சிலும் எழுத்திலும் இருக்கிற சொல், புதிதாக விளக்க வேண்டியதில்லை.

> எல்லா பண்டிலும் ஒரே நேரத்தில் செய்வதில்லை. ஐசியூவில் சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தநாளத்தில் செலுத்தும் குழாய்) பண்டிலில் கை கழுவுவது முதலில், லைன் இன்னும் தேவையா என்று பார்ப்பது தினமும்.

டாக்டர் அம்மா சொல்வது சரி. ஆனால் வீட்டார் ஒருசேரக் கிளம்பினார்கள் என்றால் ஒருவரும் பின்தங்கவில்லை என்றும் பொருள். ‘ஒன்றும் விடாமல்’ என்பது ஐசியூவுக்குப் பொருந்தும், ‘ஒரே நேரத்தில்’ என்பது பிரசவ அறைக்கு. ஐசியூவில் ‘சிகிச்சை’ என்பது இடித்தால் ‘ஒருசேர் பராமரிப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம். ‘ஒருங்கு’ என்பதையும் யோசித்தேன். ‘ஒருங்கிணைந்த’ என்ற அரசுத் திட்டப் பெயர்களின் நெடி போகவில்லை.

வார்டில் எப்படியும் ‘பண்டில்’ என்றுதான் சொல்வார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். சொல்லட்டுமே. பயிற்சி வகுப்பில் முதல் தடவை படிக்கிறவருக்குத்தான் நாம் எழுதுகிறோம்.

இன்னும் இரண்டு சொற்கள் பாக்கி. ஒன்று, தாயின் அடியில் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு. கீழ்ப்பக்கம் புனல்போலக் குவிந்து, மி.லி. கோடுகள் போட்டிருக்கும். 500 கோட்டைத் தொட்டால் சிகிச்சை தொடங்க வேண்டும். 300ஐத் தொடும்போதே நாடித்துடிப்போ ரத்த அழுத்தமோ சரியில்லை என்றால் அப்போதே. கண்மதிப்பு இந்த விஷயத்தில் நம்பத் தகாதது, துணியிலும் தரையிலும் போன ரத்தம் எப்போதும் குறைவாகவே தெரியும். இப்படியொரு விரிப்பைக் கர்நாடகத்தின் பெல்காம் மாவட்டக் கிராமங்களில் உதிரப்போக்கைத் தடுக்கும் மிசோபிரோஸ்டால் மாத்திரை ஆய்வுக்குப் பயன்படுத்தினார்கள்; அதன் முடிவு 2006இல் வந்தது. ‘அளவீட்டுத் தாள்’ என்று யாரோ எழுதியிருந்தார்கள், அது அட்டவணை மாதிரி ஒலிக்கிறது. ‘அளவு விரிப்பு’ போதும்.

இன்னொன்று, ஐந்தும் செய்தும் நிற்காதபோது மேலே உள்ளவர்களைக் கூப்பிடுவது. வரைவில் ‘மேல்நிலைப்படுத்தல்’ என்று இருக்கிறது. பதவி உயர்வு போலத் தோன்றுகிறது. ‘மூத்தவரை அழை’ என்று கட்டளையாகவே போட்டுவிடலாமா? மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புவதும் இதில் அடங்க வேண்டும் என்பதால் கொஞ்சம் தயங்குகிறேன். பிரசவ அறையில் வேலை பார்த்தவர்கள் இதைப் பற்றி எழுதினால் உதவியாக இருக்கும்.