லேசரா, வாட்டர்ஜெட்டா? ஒரே ஆர்டரில் ஐந்து மெட்டீரியல்

பேக்கிங்_மெஷின்:
வணக்கம். பேக்கிங் மெஷின் ஒண்ணுக்கு பார்ட்ஸ் வெட்டக் கொடுக்கணும். 3 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பிராக்கெட் 200 (ஒவ்வொண்ணுலயும் எம்6 டேப் ஹோல், அதாவது 6 மி.மீ. போல்ட்டுக்கு மரை வெட்டின துளை, நாலு, அப்புறம் பவுடர் கோட்டிங்), 6 மி.மீ. எஸ்.எஸ். 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பிளேட் 40, பேரிங் உட்காரும் 25 மி.மீ. அலுமினியம் பிளேட் 4, இன்சுலேஷனுக்கு 12 மி.மீ. எஃப்ஆர்4 (கண்ணாடியிழையும் எபாக்ஸியும் அடுக்கின தகடு), கதவுக்கு 10 மி.மீ. கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷீட். எல்லாத்தையும் ஃபைபர் லேசர்லயே முடிச்சிடலாமா?

ஷீட்மெட்டல்_கோவை:
எம்.எஸ்., எஸ்.எஸ். ரெண்டும் லேசர்தான், யோசிக்கவே வேண்டாம். ஆனா எம்.எஸ்.ஸையும் நைட்ரஜன் வாயு ஊதி வெட்டச் சொல்லி ஆர்டர்லயே எழுதிடுங்க. ஆக்ஸிஜன்ல வெட்டினா ஓரத்துல ஆக்ஸைடு தோல் படியும். அதுக்கு மேல பவுடர் அடிச்சா தோலோட சேர்ந்து உரிஞ்சு வரும்.

எம்6 ஹோலை டிராயிங்ல நேரா 5 மி.மீ. போடாதீங்க. 4.5 வெட்டி, 5 டிரில் ஓட்டிட்டு டேப் போடுங்க. வெட்டு தொடங்கி முடியுற இடத்துல சின்ன முண்டு நிக்கும், ஓரமும் சூட்டுல கொஞ்சம் இறுகியிருக்கும். மரை வெட்டுற டேப் அங்கதான் ஒடியும். மொத்தம் 800 ஹோல், பார்த்துக்குங்க.

நீர்வெட்டு:
அலுமினியமும் எஃப்ஆர்4-உம் வாட்டர்ஜெட் (கார்னெட்ங்கிற கல் பொடி கலந்து பீய்ச்சுற தண்ணியால வெட்டுறது). 25 மி.மீ. அலுமினியத்தைப் பெரிய பவர் ஃபைபர் வெட்டும்தான். ஆனா கீழ்ப்பக்கம் கசடு தொங்கும், ஓரம் கோடு கோடா வரும். வாட்டர்ஜெட்ல அந்தச் சூட்டுப் பிரச்சினை இல்ல, டேப்பர்தான் குறை: வேகமா ஓட்டினா வெட்டு மேல அகலமாவும் கீழ குறுகலாவும் வரும். பேரிங் ஹோலுக்கு அதை நம்பாம, விட்டத்துல 2 மி.மீ. குறைச்சு வெட்டி, போரிங்ல (துளையைக் கடைஞ்சு) முடிங்க. ஜெட்டே ஏறக்குறைய 1 மி.மீ. தடிமன், அதனால உள்மூலை கூர்மையா வராது.

எஃப்ஆர்4 தான் தொல்லை. லேசர்ல எபாக்ஸி கருகும், புகையும் விஷம். வாட்டர்ஜெட்லயும் பியர்சிங் அப்போ (முதல்ல துளை போடுறப்போ) கார்னெட் வந்து சேர்றதுக்கு முன்ன 4,000 பார் தண்ணி மட்டும் அடிச்சா அடுக்கு பிரிஞ்சு, ஹோலைச் சுத்தி வெள்ளையா வட்டம் தெரியும். வெளி ஓரத்துலேர்ந்து வெட்ட ஆரம்பிக்கணும். உள் ஹோலுக்கு 3 மி.மீ. டிரில் போட்டே கொடுங்க. வெட்டினதும் கழுவி நல்லா உலர்த்தணும்.

செலவுல பெரிய பங்கு கார்னெட்தான், நிமிஷத்துக்கு 300–400 கிராம் போகும். (நம்ம தெக்கத்தி கடற்கரை மணல்ல கிடக்குற அதே சரக்கு.) வெளி ஓரம் சுமாரா இருந்தா போதும்னு சொன்னா வேகமா ஓட்டுவாங்க, காசும் குறையும்.

பிளாஸ்டிக்_ஷீட்:
கதவு ஷீட் அக்ரிலிக்கா, பாலிகார்பனேட்டா, பிவிசியா? தெரியாம லேசர்ல ஏத்தாதீங்க. எதுவா இருந்தாலும் ஃபைபர் வேலைக்காகாது. ஃபைபர் லேசரோட 1 மைக்ரான் அலைநீள ஒளி தெளிவான ஷீட்டுக்குள்ள ஊடுருவிப் போயிடும். அக்ரிலிக்குக்கு சிஓ2 லேசர், ஓரம் பாலிஷ் போட்ட மாதிரி மின்னும். வெட்டின ஓரத்தை ஸ்பிரிட், தின்னர் போட்டுத் துடைச்சா மட்டும் மயிரிழை விரிசல் விழும். பிவிசின்னா லேசரே கூடாது: ஹைட்ரஜன் குளோரைடு வரும், மெஷின் துருப்பிடிக்கும், நுரையீரலுக்கும் கேடு.

செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி ஷீட்ல ஒத்தி, வெளிக்காத்துல மறுபடி தீயில காட்டுங்க. பச்சைச் சுடர் வந்தா பிவிசி. வரலைன்னா, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஒரு கீத்தை வைஸ்ல வளைங்க: அக்ரிலிக் படார்னு ஒடியும்.

பேக்கிங்_மெஷின்:
பச்சை வரல. கீத்து வளையுது, ஒடியல.

பிளாஸ்டிக்_ஷீட்:
அப்போ பாலிகார்பனேட். லேசர்ல மஞ்சளாகிக் கருகும். சிஎன்சி ரவுட்டர்ல கொடுங்க. ஒத்தைப் பல் கார்பைடு கட்டர், ஏர் பிளோ. சிப் ஒட்டிக்கிட்டு உருகினா ஆர்பிஎம் (சுழல் வேகம்) குறைச்சு ஃபீடு (கட்டர் நகர்ற வேகம்) கூட்டச் சொல்லுங்க.

நீர்வெட்டு:
இன்னொண்ணு: டிஎக்ஸ்எஃப்ல (மெஷினுக்குக் கொடுக்குற டிராயிங் ஃபைல்) வெட்டு அகலத்தை நீங்களே கழிச்சு வரையாதீங்க. மெஷின்லயும் கழிப்பாங்க, அளவு ரெண்டு தடவை மாறிடும்.